கையை லூசா விடு

இப்போதும் எங்கே விரல் வைக்கச் சொன்னாலும் என் இடது கை முந்திக்கொண்டு போய் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். சிம் கார்டு கடை, ரேஷன் கடை, பத்திரப் பதிவு ஆபீஸ், எங்கேயானாலும். எதிரே இருப்பவர்கள் கை நடுக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். "பரவால்ல சார், மெதுவா வைங்க" என்பார்கள். நடுக்கம் இல்லை. என் கட்டைவிரலை நான் நம்புவதில்லை, அவ்வளவுதான். தனியாக விட்டால் அது ஏதாவது செய்துவிடும். ஒருமுறை செய்திருக்கிறது.

எர்ணாவூரில் இரும்புப் பீப்பாய் செய்யும் ஒரு கம்பெனியில் அப்போது எனக்கு வேலை. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சாத்தாங்காடு இரும்புச் சந்தையிலிருந்து லாரியில் தகடு வரும். வெட்டி, வளைத்து, பற்றவைத்து, மூடி அடித்து, பெயின்ட் பூசினால் பீப்பாய். நான் தகட்டைப் பிரித்துப் பிரஸ்ஸுக்குக் கொடுக்கும் ஆள். புதுத் தகட்டின் ஓரம் சவர பிளேடு மாதிரி. கையுறை தருவார்கள், ஆனால் எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருக்கும் தகடுகளைக் கையுறையோடு பிரிக்கவே வராது. கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலை. அதனால் என் விரல் நுனிகளில் பழைய கீறலும் புதுக் கீறலும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். கீறலுக்குள் எண்ணெய் போய்க் கறுத்திருக்கும். மரத்தூளும் சோப்பும் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கறுப்பு போகாது. சோறு பிசையும்போது மனைவி என் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்ப்பாள்.

நான் கான்ட்ராக்ட் ஆள். பர்மனென்ட் ஆக்குகிறோம், ஆக்குகிறோம் என்று சொல்லியே வருடங்கள் போயிருந்தன. அந்த வருடம் நிஜமாகவே லிஸ்ட் போடுகிறார்கள் என்ற பேச்சு வந்தது. மனைவி கர்ப்பமாக இருந்தாள். காலையில் எழுந்ததும், இன்றைக்கு உள்ளே விடுவானா மாட்டானா என்று கேட்கிற அந்த வயிற்றுக் கேள்வி நின்றுவிட்டால் போதும் என்று இருந்தது எனக்கு. வேறு பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

அதுவரை கேட்டருகே ஒரு பழைய கடிகாரப் பெட்டி இருந்தது. அட்டையைச் செருகினால் டணக் என்று நேரம் அடித்துத் தரும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிற நாட்களில் பஸ் நகராது. சைக்கிள்காரர்கள் மட்டும் லாரிகளுக்கு நடுவே புகுந்து வந்துவிடுவார்கள். எங்கள் கிரேன் ஆபரேட்டர் தண்டையார்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருகிறவர். அவரை எல்லோரும் பாய் என்போம். என்னைவிடச் சில வயது பெரியவர். பஸ்ஸில் மாட்டிக்கொண்டவர்களின் அட்டைகளையும் சேர்த்து அவரே அடித்துவிடுவார். டணக், டணக், டணக். நாங்கள் அதை ஒத்தாசை என்று நினைத்தோம். கம்பெனி திருட்டு என்று நினைத்தது. அதனால்தான் விரல்.

மெஷின் வந்தது. சாப்பாட்டு டப்பா அளவுதான். முகப்பில் சின்னதாக ஒரு கண்ணாடி. விரல் நெருங்கினால் உள்ளே பச்சை வெளிச்சம் எரியும். விரல் பிடித்துப்போனால் ஒரு பெண் குரல் "தேங்க் யூ" என்று சொல்லும். பிடிக்காவிட்டால் மறுபடி வைக்கச் சொல்லும், அதே குரலில், அதே பொறுமையில். விரல் கொடுக்காதவர்களுக்கு அட்டெண்டன்ஸ் கிடையாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

சாப்பாட்டு ஷெட்டில் அன்று அதுதான் பேச்சு.

"நம்ம வெரலு எங்க போவுது?" என்று பாய்தான் ஆரம்பித்தார்.

"எங்க போவும், பொட்டிக்குள்ளதான் கீது" என்றான் பெயின்ட் ஷாப்பில் இருந்த ஒருவன்.

"பொட்டிலேர்ந்து ஒயர் போவுது, பாத்தியா. ஒயரு எங்க போவுது?"

"ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு."

"கம்ப்யூட்டர்லேர்ந்து?"

"யோவ் பாய், சோறு துன்ன வுடுய்யா."

சிரித்தார்கள். பாயும் சிரித்தார். ஆனால் விடவில்லை. "அட்டை தொலஞ்சா வேற அட்டை குடுப்பான். வெரலு தொலஞ்சா? நாளிக்கு எவனோ ஒருத்தன் அத்த எடுத்து எங்கனா வெச்சுட்டான்னா நீ எங்க போயி நிப்ப? வெளிய யாருக்கும் குடுக்க மாட்டோம், வேலைய வுட்டுப் போனா அழிச்சிடறோம்னு மேனேஜர் எழுதிக் குடுக்கட்டும். கேக்கறதுல இன்னா தப்பு?"

"என் பொண்டாட்டியே என் கையத் தொட மாட்டன்றா, கலீஜா கீதுன்னு. இந்தம்மா வெரல வெச்சா தேங்ஸ் சொல்லுதே, குடுத்துட்டுப் போய்யா" என்றான் பெயின்ட் ஷாப். ஷெட் குலுங்கியது.

நான் சிரிக்கவில்லை.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வளர்ந்தவன் நான். மீசை அரும்பிய வயதில் எங்கள் பிளாக்குக்கு வேன் வரும். ஊர்வலம் என்றாலும் வரும், தேர்தல் என்றாலும் வரும், பெரிய மனிதர் யாராவது அந்தப் பக்கம் வருகிறார் என்றாலும் வரும். டீக்கடையில் நிற்கிற பையன்களை ஏற்றிக்கொண்டு போகும். யார் என்ன செய்தான் என்ற கேள்வியே கிடையாது. நிற்கிற இடமே போதும். ஸ்டேஷனில் தரையில் உட்காரவைத்து ஒவ்வொருவனாகக் கூப்பிடுவார்கள். கண்ணாடிச் சில்லில் மை தடவி, பத்து விரலையும் தாளில் உருட்டி எடுப்பார்கள். நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. "கைய லூசா விடு." முதல் தடவை பயத்தில் என் கை விறைத்து மை அப்பிவிட்டது. பிடரியில் அறை விழுந்தது. அடுத்தடுத்த தடவைகளில் விரல் தானாகவே கற்றுக்கொண்டது. "லூசா விடு" என்ற சத்தம் காதில் விழுந்ததும் ஒரு ஓரமாகப் படுத்து, மெல்ல மறு ஓரத்துக்குப் புரளும். சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் அனுப்பிவிடுவார்கள் அல்லவா. "இவன் பரவால்ல, அவனே உருட்டிக் குடுத்துடறான்" என்று ஒரு போலீஸ்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

கேஸ் எதுவும் இல்லை. கோர்ட் வாசலை மிதித்ததில்லை. மண்ணெண்ணெய்த் துணியில் கையைத் துடைக்கச் சொல்லி வெளியே அனுப்புவார்கள். கை என்னோடு வந்துவிடும். தாள் உள்ளேயே தங்கிவிடும். அது கிழிக்கப்பட்டதா, எலி தின்றதா, கட்டிப் பரணில் போட்டார்களா, யாரும் சொன்னதில்லை. யாரிடம் போய்க் கேட்பது?

கல்யாணம் ஆனதும் வியாசர்பாடியை விட்டு எர்ணாவூருக்கு வாடகைக்கு வந்துவிட்டேன். மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. கம்பெனியிலும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு? ஊர் மாறியதும் விரலும் மாறிவிட்டது போல ஒரு நினைப்பில் இருந்தேன். கீறலும் எண்ணெயும் ஏறி ஏறி அந்தப் பழைய விரல் உள்ளே புதைந்துபோயிருக்கும் என்று நம்பினேன்.

மெஷின் வந்ததும் அந்த நம்பிக்கை போயிற்று. சரக்கு ரயில், கரிப்புகை, உப்புக்காற்று எல்லாவற்றுக்கும் அடியில், இந்த நகரத்தின் மண்ணுக்குள்ளே கம்பி கம்பியாக ஓடுகிறது என்று தோன்றியது. கம்பியின் ஒரு முனையில் என் பழைய விரல் கிடக்கிறது. மறு முனையில் புது விரலை நான் வைக்கப்போகிறேன். இரண்டும் ஒன்றையொன்று மோப்பம் பிடித்து நெருங்கும். நெருங்கித் தொட்டுவிட்டால், பர்மனென்ட் லிஸ்டில் என் பேர் இருக்கும் இடத்தில் ஒரு கறுப்பு மைக்கறை மட்டும் இருக்கும்.

அதைவிடச் சின்னதாக, அதைவிடக் கூர்மையாக இன்னொரு பயம். எல்லோர் முன்னாலும் விரல் உருண்டுவிட்டால்?

வீட்டில் சோற்றுத் தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் கட்டைவிரலை வைத்துப் பழகினேன். நேராக வை. அழுத்து. எடு. நேராக வை.

"இன்னா அது, தட்டு மேல கைய வெச்சி வெச்சி எடுத்துகினு?" என்றாள் மனைவி.

"காயம் ஆறிச்சான்னு பாக்கறேன்."

"தட்டுல பாத்தா தெரியுமா?"

தட்டை நிமிர்த்தி வைத்தேன்.

விரல் பதிகிற நாள் வந்தது. டைம் ஆபீஸ் வாசலில் மேசை போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டரோடு வெளியிலிருந்து வந்த சிஸ்டம்காரர் ஒரு பக்கம். மறு பக்கத்தில் எங்கள் செக்யூரிட்டி ஆபீசர். போலீசில் ஏட்டாக இருந்து ரிடையர் ஆனவர். அதனால் எல்லோருக்கும் அவர் ஏட்டையா. அதட்ட மாட்டார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. மெல்லப் பேசுவார், பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்ப்பார். அவர் எந்தெந்த ஸ்டேஷனில் இருந்தவர் என்று எனக்குத் தெரியாது. என் விரலை அந்தக் காலத்தில் பிடித்தவர்களின் முகங்களும் எனக்கு ஞாபகம் இல்லை. குனிந்து மையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் முகத்தை எங்கே பார்த்தான்?

வரிசையில் எனக்குப் பின்னால் பாய் நின்றார். என் முறை. தட்டில் பழகியது போல நேராக வைத்தேன், அழுத்தினேன், எடுத்தேன். மெஷின் மறுபடி வைக்கச் சொன்னது. கீறல். சட்டையில் துடைத்துவிட்டு வைத்தேன். மறுபடியும் அதே.

"ஸ்கின் போயிருக்கு. ஒழுங்கா வைக்கச் சொல்லுங்க சார்" என்றார் சிஸ்டம்காரர், என்னிடம் இல்லை, ஏட்டையாவிடம்.

ஏட்டையா கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "பயப்படாதப்பா. கைய லூசா விடு."

அவ்வளவுதான். நான் எதுவும் செய்யவில்லை. என் கட்டைவிரல் இடது ஓரமாகப் படுத்தது. கண்ணாடியின் மேல் மெதுவாக, ஒரு மயிரிழை விடாமல், அழகாகப் புரண்டு வலது ஓரத்தில் போய் நின்றது.

ஏட்டையா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். சிஸ்டம்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "உருட்டாதீங்க, சும்மா வைங்க" என்றார். வைத்தேன். தேங்க் யூ என்றது அந்தக் குரல். "அடுத்த ஆளு" என்றார் ஏட்டையா.

அதற்கப்புறம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. காலையில் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். என் முறை வரும்போது கிராம்பு மெல்லுவதை நிறுத்துவார். பிரஸ் இறங்கும் ஒவ்வொரு அடியும் எனக்குள் இறங்கியது. தகட்டைப் பிரிக்கும்போது கை தவறி, உள்ளங்கை கிழிந்தது. இந்தக் காயத்தோடு விரலும் கிழிந்து தொலைந்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன். பிறகு அந்த நினைப்புக்கே பயந்தேன்.

ஒரு சாயங்காலம், ஷிப்ட் முடிகிற நேரம், கூப்பிட்டார். டைம் ஆபீஸில் வேறு யாரும் இல்லை.

"உக்காருப்பா."

நின்றேன்.

"எந்த ஸ்டேஷன்?"

"சார்?"

"சர்வீஸ் பூரா கைய புடிச்சவன்பா நான். பேங்க்குல பழகினவன் அழுத்துவான். பத்திர ஆபீசுல பழகினவனும் அழுத்துவான். உருட்டறவன் ஒரே ஒரு எடத்துலதான் பழகியிருப்பான்."

"கேஸ் எதுவும் இல்ல சார். சும்மா சந்தேகத்துல..."

"எனக்குத் தெரியாதா? பாதிப் பேரு அப்படித்தான். நான் இப்ப உன்னத் தப்பாவா பேசறேன்?" ஒரு டப்பாவைத் திறந்து எனக்கும் கிராம்பு நீட்டினார். வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. "லிஸ்ட்டு மேல போவுது. ஒவ்வொரு பேருக்கும் ஆள் எப்படின்னு என்கிட்ட கேப்பாங்க. நல்ல பையன்னு சொல்லணும்னுதான் எனக்கும் ஆசை. அந்தக் கிரேன் பாய் ஷெட்டுல என்னமோ பேசிக்கிட்டு இருக்காராமே. விரல் எங்க போவுது, எழுதிக் குடு, அது இதுன்னு. யாரு யாரு தலையாட்டறாங்க, என்ன செய்யப் போறாங்க, காதுல விழறத வந்து சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

தலையாட்டினேனா இல்லையா என்பது எனக்கே தெளிவில்லை. அவர் ஆட்டியதாக எடுத்துக்கொண்டார்.

நேராக வீட்டுக்குப் போகவில்லை. கடலரிப்புக்குப் போட்ட கருங்கற்களின் மேல் போய் உட்கார்ந்தேன். அத்திப்பட்டுப் பக்கத்து அனல் மின்நிலையப் புகைபோக்கிகள் மங்கலாகத் தெரிந்தன. கிராம்பு இன்னும் உள்ளங்கையில் இருந்தது, காயத்தில் பட்டு எரிந்தது. ஒரு சொல் சொன்னால் போதும். எல்லோர் காதிலும் விழுகிற பேச்சுதானே, நான் சொல்லாவிட்டால் வேறு ஒருவன் சொல்லப்போகிறான். இப்படியெல்லாம் மனசு வழி தேடியது. அலை கல்லில் மோதி, உள்ளே போய், வேறு வழியாக வெளியே வந்தது. வீட்டில் பிறக்கப்போகிற பிள்ளையை நினைத்தேன். பஸ் நகராத நாட்களில் டணக், டணக் என்று என் அட்டையை அடித்த கையை நினைத்தேன். கிராம்பைக் கடலில் எறிந்தேன். எறிந்தும் வாசனை போகவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் குழாயடியில் பாய் தூக்குவாளி கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"உன்ன ஏட்டு கூப்ட்டாரே, என்னப் பத்தி கேட்டாரா?" என்றார், திரும்பாமலே.

"ஆமா."

"நீ இன்னா சொன்ன?"

"இன்னும் ஒண்ணியும் சொல்லல."

"இன்னும்." வாளியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தார். "சரி. அப்ப சொல்றதுக்கு ஏதோ கீது."

எல்லாவற்றையும் சொன்னேன். வேன், மை, அறை, லூசா விடு, லிஸ்ட், கிராம்பு. குழாயைத் திறந்தே வைத்துக்கொண்டு கேட்டார், தண்ணீர்ச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது என்று.

"நீ உருட்டுனத நா பாத்தேன் மாமு" என்றார் கடைசியில். "உனுக்குப் பின்னாடிதான நின்னுகினு இருந்தேன். எனுக்கும் பயமா பூட்ச்சு."

"உனுக்கு இன்னா பாய் பயம்?"

இரண்டு கைகளையும் என் முன் விரித்தார். கிரேன் கைப்பிடி பிடித்துக் காய்த்த கைகள். "எங்கியோ குண்டு வெட்ச்சிதுன்னு எங்க தெருவுல வயசுப் பசங்க அத்தினி பேரையும் இட்டுகினு போனானுங்க. நா அன்னிக்கு ஒரு சாவு வூட்ல சேர் எறக்கிகினு இருந்தேன். சேரு கையோட ஏறுன்ட்டான். பத்தையும் குடுத்துட்டுதான் வெளிய வந்தேன்."

"அப்ப இங்க நீ எப்டி கரீட்டா வெச்ச?"

"இன்னொரு கையால மணிக்கட்டப் புடிச்சிகினேன், குச்சி மாரி. உசுரு பூரா வெரல்ல இருந்திச்சு. நீ மெசினாண்ட ஒரு நாளு சொம்மா நின்னு பாரு. எத்தினி பேரு இன்னொரு கையால புடிச்சிகினு வெக்கறான்னு." குழாயை மூடினார். "ஏட்டாண்ட என்னப் பத்தி இன்னா வோணா சொல்லிக்க. நா பேசறேன்னு சொல்லு, தூண்டி வுடறேன்னு சொல்லு, எல்லாம் நெசந்தான். ஆனா இத்த மட்டும் சொல்லிடாத நைனா. உன்னியாவது சந்தேகம்னு வுட்ருவான். என் பேருக்கு அப்டி வுட மாட்டான்."

நான் பாரத்தை இறக்கி வைக்கப் போனவன். அதைவிடக் கனமான ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். அதன்பிறகு நான் ஏட்டையாவுக்குப் பயப்பட்டது கொஞ்சம்; எனக்கு நானே பயந்ததுதான் அதிகம். இன்னும் கொஞ்சம் நெருக்கினால், இன்னும் கொஞ்சம் மெல்லப் பேசினால், என் வாயும் என் கட்டைவிரல் மாதிரி தானாகப் புரண்டுவிடும் என்று தெரிந்தது. லூசாக விட்டால் போதும்.

அடுத்த நாள் காலையில் மெஷின் முன்னால் நின்று சுற்றிப் பார்த்தேன். பாய் சொன்னது நிஜம். புளியந்தோப்பிலிருந்து வரும் வெல்டர், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வைத்தார். எப்போதும் கிண்டல் பண்ணுகிற அந்தப் பெயின்ட் ஷாப் ஆளும் அப்படித்தான், பனியனைச் சரிசெய்கிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டே. இத்தனை நாள் இது என் கண்ணில் படவேயில்லை.

ஏட்டையாவிடம் நான் போகவில்லை. அவர் காத்திருந்தார். பிறகு காத்திருப்பதை நிறுத்திவிட்டார்.

ஒரு காலையில் விரல் வைத்தேன். மறுபடி வைக்கச் சொன்னது. துடைத்து வைத்தேன், ஊதி வைத்தேன், முடியில் தேய்த்து வைத்தேன். மறுபடி, மறுபடி.

"உன் விரல் சிஸ்டத்துலயே இல்லையாம்பா" என்றார் ஏட்டையா ஸ்டூலிலிருந்து.

"நேத்து வரிக்கும் இருந்திச்சே சார்."

"நேத்து இருந்தது இன்னிக்கு இல்ல. நான் என்ன பண்ண? சிஸ்டம்காரர் வரட்டும். அதுவரைக்கும் வேலை செய்யறதுன்னா செய். அட்டெண்டன்ஸ் ஏறாது."

செய்தேன். பிரஸ்ஸடியில் நின்று தகடு தகடாகக் கொடுத்தேன். வியர்த்தேன், இருமினேன், பீப்பாய்கள் உருண்டு போயின. மெஷின் கணக்குப்படி அந்த இடத்தில் யாருமே இல்லை. மதியம் ஷெட்டில் சாப்பிட்டவனும் இல்லை. இல்லாதவன் வீட்டுக்குப் போய் மனைவியின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தான். உள்ளே உதைத்தது. அது ஒன்றுதான் என்னை அடையாளம் கண்டுகொண்டது.

பிறகு சிஸ்டம்காரர் வந்தார். காலை ஷிப்ட் மொத்தமும் கேட்டில் குவிந்திருந்தது. ஏட்டையா ஸ்டூலை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். என்னைக் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவ குடு. எல்லாரும் நிக்கறாங்க பாரு. கைய லூசா விடு."

அவர் என்ன செய்கிறார் என்று எனக்குப் புரிந்தது. விரல் உருளும், எல்லோரும் பார்ப்பார்கள், அப்புறம் நான் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். என் விரல் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கிவிட்டது. இடது கையால் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். தைரியம் வந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். எனக்குப் பின்னால் பாய் நிற்கிறார், அடுத்து அவர் கை இந்தக் கண்ணாடிக்கு வரும், அதற்குள் இந்த மனிதர் என் வாயைப் புரட்டி எடுத்துவிடுவார் என்ற பயம்தான் பேசியது.

"லூசா வுட்டா உருளும் சார்" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "ஸ்டேசன்ல பழகினது. வியாசர்பாடில எங்க பிளாக் பசங்கள ஊர்வலம், எலக்சன் வந்தா இட்டுகினு போயி எடுப்பாங்க. கேஸ் ஒண்ணியும் கெடையாது. அத்த நீங்க மேல சொல்லணும்னா சொல்லிடுங்க. நா கையப் புடிச்சிகினே வெக்கறேன்."

ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி பிரேக் போட்டது.

"அதுக்கு இன்னா இப்ப" என்றான் வரிசையில் பெயின்ட் ஷாப் ஆள். "வெச்சிட்டு நவுரு மாமு. லேட்டாயி நம்மளுக்கும் அட்டெண்டன்ஸ் போயிடப் போவுது."

வைத்தேன். தேங்க் யூ. நகர்ந்தேன். எனக்குப் பின்னால் பாய் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வைத்தார். தேங்க் யூ. ஏட்டையா கிராம்பு டப்பாவை மூடி, பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். என் கையை அவர் அதற்கப்புறம் பார்க்கவே இல்லை.

நான் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி தண்ணி லாரி வரிசைக்குப் போயிருந்தது. மனைவி குடத்தை இறக்கிவிட்டுக் கேட்டாள். "அன்னிக்குத் தட்டுல வெச்சி வெச்சிப் பாத்தியே, இதுக்கா?"

"ம்."

"எங்க அண்ணனையும் ஒரு தபா இட்டுகினு போனாங்க" என்றாள். "எங்க வூட்ல யாரும் வெளிய சொல்லல." குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் முடிந்தது.

லிஸ்ட் வந்தது. என் பேர் இல்லை. பாய் ஏற்கெனவே பர்மனென்ட். அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. மேனேஜர் எதுவும் எழுதிக் கொடுக்கவும் இல்லை. என் பிள்ளை பிறந்த கொஞ்ச நாளில், வேலை குறைவாக இருக்கிறது, சொல்லி அனுப்புகிறோம் என்றார் கான்ட்ராக்டர். என்ன காரணம் என்று நான் கேட்கவில்லை. காரணம் என் பேரா, விரலா, வாயா என்று தெரியாமலே இருக்கட்டும் என்று விட்டேன்.

கடைசி நாளில் டைம் ஆபீஸுக்குப் போனேன். ஏட்டையா இல்லை. கிளார்க் ஒருவர் மட்டும் இருந்தார், நல்ல மனிதர், என் கல்யாணத்துக்கு வந்தவர். என் கணக்கை முடித்துக் கொடுத்தார்.

"சார், என் வெரல அழிச்சிடுங்க" என்றேன்.

"அது தானா போயிடும்பா."

"என் எதிர்ல அழிங்க சார்."

சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் என்னவோ தட்டினார். என் பேர் வந்தது. ஒரு சின்னப் பெட்டி வந்து ஏதோ கேட்டது. ஆமாம் என்று அழுத்தினார். என் பேர் மறைந்தது. "போச்சு. திருப்தியா?"

"வெச்சுப் பாக்கலாமா?"

"வெச்சுப் பாரேன்."

இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலை வைத்தேன். பச்சை வெளிச்சம் எரிந்தது.

தேங்க் யூ என்றது அந்தக் குரல்.

கிளார்க்கின் சிரிப்பு அப்படியே நின்றது. திரையைப் பார்த்தார். என் பேர் அங்கே இல்லை. மறுபடி ஏதோ தட்டினார், நிமிர்ந்தார். வெளியே ஷெட்டின் உயரத்தில் பாயின் கிரேன் நகரும் சத்தம் கேட்டது.

"சில சமயம் இப்படித்தான்" என்றார், என்னைப் பார்க்காமல். "இன்னொரு தடவ வெச்சுப் பாரு."

நான் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.